சீலிங்கில் ஓடிய பஸ்

வீட்டுக்குள் செய்யும் அலங்கார வேலைக்குப் படம் வரைவது என் தொழில். சுவரோ அலமாரியோ சீலிங்கோ, அது உருவாவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று தாளில் காட்ட வேண்டும். அட்டைப் பெட்டியை விரிப்பது போல ஓர் அறையின் நாலு சுவரையும் பிரித்து மேசையில் பரப்பி, ஜன்னல் வெயில் சோபாத் துணியில் எங்கே விழும் என்பது வரைக்கும் வாட்டர் கலரில் போட்டுக் கொடுப்பேன். "அட, இந்த சோபா எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் பிரஷ்ஷால் செய்த சோபா கடையில் எப்படிக் கிடைக்கும்? சிரித்து மழுப்பிவிடுவேன்.

வரைந்ததைச் சுவரில் ஏற்றுவது என் வீட்டுக்காரர். பெயிண்டர் என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காதது போல நிற்பார். மேஸ்திரி என்றால்தான் திரும்புவார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவோம், சண்டை போட்டுக்கொண்டே வேலையும் செய்வோம். அத்தனை சண்டையிலும் வேலை மட்டும் கெட்டதில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. இந்த ஒரு சீலிங் அந்தத் திமிரை அடக்கிவிட்டது.

வேலையைக் கொண்டுவந்தவர் அடுத்த தெருக் கணக்கு வாத்தியார். ஒரு சனிக்கிழமை காலையில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் மனைவி பஸ் டிரைவர். பதினெட்டு வருஷமாக ஒரே ரூட், பதினேழாம் நம்பர். முதுகெலும்பில் தட்டு நழுவி நரம்பை அழுத்தி, ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்தாலும் மூன்று மாதம் மல்லாந்து படுத்தபடியே கிடக்க வேண்டும்.

"எந்நேரமும் சீலிங்கதான் பாத்துட்டு இருக்கணும். அதுல ஏதாவது வரைஞ்சு குடுக்கச் சொல்றா," என்றார்.

"பூ, கொடி, பறவை? இல்ல வானம் மாதிரி போட்டு ரெண்டு மேகம்?"

"அதெல்லாம் வேண்டாமாம்." அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "பஸ் ரூட் வேணுமாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டிரைவரம்மாவுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். நல்ல தோள், நல்ல குரல். படுத்த படுக்கையிலேயே வார்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். மருந்து வண்டியைத் தள்ளி வந்த நர்ஸிடம், "கொஞ்சம் ஓரமா ஒடிச்சு வாம்மா, இடிச்சிடப் போற," என்றாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு வாத்தியார் சொல்லியிருப்பாரே, அக்கா?"

"வாயால சொல்லல. முழிச்ச முழியில தெரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வலியும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"வலது கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுக்கா. கிள்ளினா தெரியுது. அசைன்னா அசைய மாட்டேங்குது. நரம்பு ரொம்ப நாள் அமுங்கிக் கிடந்துச்சாம். வந்தாலும் வரும், வராமலும் போகும்கறார் டாக்டர். எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கிற பொண்ணு என்ன சொல்லுதுன்னா, அசையலைன்னாலும் அசைக்கிற மாதிரியே தினமும் மனசுல நெனச்சுக்கணுமாம். வெறும் சீலிங்கப் பாத்து நான் என்னத்த நெனைக்கிறது? ரூட்டு இருந்தா ஓட்டுவேன். எந்த ஸ்டாப்புக்கு எவ்வளவு பிரேக்குன்னு எனக்குத் தெரியாது, அந்தக் காலுக்குத்தான் தெரியும். அது மறந்துடக் கூடாது."

பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது கால் வேலை. அந்தக் கால் திரும்பாவிட்டால் டிரைவர் சீட் இல்லை.

"ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுத் தருவாங்களாம். நல்ல மனுஷங்கதான். ஆனா அந்த நாற்காலி நகராதே அக்கா," என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் இறங்கிப்போனது.

பதினேழாம் நம்பரில் மூன்று நாள் போய் வந்தேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்தையும் நோட்டில் குறித்தேன். டிப்போ, லைப்ரரி, பாலம், மார்க்கெட், பள்ளிக்கூடம், கடைசியில் ஏரிக்கரை. நடுவில் சின்னச் சின்ன ஸ்டாப் பதினொன்று. ரோட்டை ரோடாகவே வரைந்தால் சர்வே ஆபீஸ் மேப் மாதிரி இருக்கும். மூன்று மாதம் யார் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது? அதனால் முழு ரூட்டையும் ஒரு கொடியாக எடுத்தேன். தண்டு ரோடு. ஸ்டாப் ஒவ்வொன்றும் ஒரு பூ. சின்ன ஸ்டாப் மொட்டு, மார்க்கெட் நன்றாக விரிந்த பூ. வழியில் இருக்கும் கட்டடங்களை இலைக்கு நடுவில் நரம்பு போல மெல்லிய கோட்டில் ஒளித்தேன். பின்னால் இருக்கும் வெள்ளையும் சுண்ணாம்பு வெள்ளை இல்லை. அந்த அறைக்கு மத்தியான வெயில் உள்ளே வரும், கண் கூசும். வெள்ளையில் துளி காவி மஞ்சள் கலந்தேன். ரோட்டுக்குச் சாம்பல் பச்சை.

எழுத்து மட்டும் ஓரிடத்திலும் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். "போர்டப் படிச்சுப் படிச்சு ஓட்டுறவளா நான்?"

கலர் போட்ட சின்னத் தாளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒரு விரலை டிப்போவில் வைத்துக் கிளப்பினாள். ஒவ்வொரு பூவிலும் விரல் நின்று நின்று போனது. ஏரிக்கரை வந்ததும் பெருமூச்சு விட்டாள்.

"லைப்ரரி தாண்டினதும் ஒரு வேகத்தடை இருக்கு. அத மட்டும் போட்டுடுங்க. மத்தபடி அப்படியே இருக்குக்கா." தாளைத் திருப்பித் தரவில்லை. தன்னிடமே இருக்கட்டும் என்று தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

இனிமேல் சொல்லப்போவது எங்கள் தொழிலில் ஒரு சின்ன விஷயம். இது புரிந்தால்தான் நாங்கள் அடித்த கூத்து புரியும். சின்னத் தாளில் இருப்பதைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, சீலிங்கின் முழு அளவுக்கு டிரேசிங் பேப்பரில் நீள நீளத் துண்டுகளாக வரைவேன். கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக் குத்தி வரிசையாக ஓட்டை போடுவேன். என் வீட்டுக்காரர் அந்தப் பேப்பரைச் சீலிங்கில் ஒட்டி, மெல்லிய துணியில் கரித்தூளை முடிந்து ஓட்டைகளின் மேல் ஒத்தி எடுப்பார். பேப்பரை உரித்தால் சீலிங்கில் புள்ளி புள்ளியாக என் கோடு நிற்கும். கரி பட்டு என் கோடு அழுக்காகக் கூடாது என்று வரைந்த பக்கம் சீலிங்கைப் பார்க்க ஒட்டுவது அவர் வழக்கம். அப்படி ஒட்டினால் இடது வலதாகிவிடும். அதற்காக நான் முன்கூட்டியே இடவலம் மாற்றி வரைந்துவிடுவேன். எனக்கு நேரமில்லாமல் போனால் நேராகவே வரைந்து கொடுப்பேன். அப்போது பேப்பரைத் திருப்பி ஒட்டுவது அவர் பொறுப்பு. பேப்பரைப் பார்த்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அவர் வாசலில் நின்று, "திருப்பியாச்சா?" என்று குரல் கொடுப்பார். நான் உள்ளே இருந்து, "ஆச்சு," என்பேன், அல்லது, "ஆகல," என்பேன். இருபத்தோரு வருஷமாக இதுதான் எங்கள் ஏற்பாடு.

பேப்பர் வரைந்த வாரம் பார்த்து எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது.

காரணத்தைச் சொன்னால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள். பெரிய பில்டர் ஒருவர் வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த என் படங்களைப் பார்த்து அசந்துபோய், "இந்த டிராயிங்கெல்லாம் யாரு போடுறது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "வீட்ல சும்மாதான் இருக்கா, அவ கோடு போட்டுத் தருவா," என்றார்.

சும்மா! அந்த வாரம்தான் ஒரே ஒரு நீலம் சரியாக வரவில்லை என்று ஒரு தாளை ஆறு முறை கழுவிக் கழுவிப் போட்டிருந்தேன். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய காய்ப்பு. நான் சும்மா இருக்கிறேனாம்! அன்றைக்கு மூடிய வாயைப் பதினோரு நாள் திறக்கவில்லை. அவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வரும், காலியாகிப் போகும். அவ்வளவுதான்.

பேப்பர்த் துண்டுகள் தயாரானதும் சுருட்டி வாசலில் வைத்தேன். எப்போதும் போல இடவலம் மாற்றித்தான் வரைந்திருந்தேன். அவர் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார். கேட்டால் சொல்லலாம் என்று நானும் இருந்துவிட்டேன். எப்போதும் பூவுக்கு நிழல் போட நானும் சாரம் ஏறுவேன். அந்த முறை போகவில்லை. எந்த இடத்துக்கு என்ன கலர் என்று பேப்பரிலேயே குறித்திருந்ததால் எட்டு நாளில் அவரே தனியாகப் போட்டு முடித்துவிட்டார்.

டிரைவரம்மா வீட்டுக்கு வரும் காலையில்தான் நான் அந்த அறைக்குள் போனேன். வழக்கம்போலத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். குறை சொல்லக் கூடாது, அவர் கை சுத்தமான கை. கொடி ஒரு மூலையில் கிளம்பி வளைந்து வளைந்து ஜன்னல் பக்கம் போய் முடிந்தது. எங்கேயும் ஒரு பிசிறில்லை. பாராட்ட வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். அதில் இருந்த தப்பு என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரு வாரம் முழுக்க நான் குனிந்து குனிந்து பார்த்ததெல்லாம் இடவலம் மாற்றிய படத்தைத்தானே? அதே படம் மேலே இருந்தது. எனக்கு அது சரியாகத் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு சுவரோரம் நின்றோம். வாத்தியார் தலையணையைச் சரி செய்தார். டிரைவரம்மா மேலே பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"அடியாத்தீ! என் ரூட்டா இது? இவ்வளவு அழகாவா இருக்கு?"

இரண்டு கையையும் மேலே தூக்கி ஸ்டியரிங் பிடிப்பது போல வைத்துக்கொண்டாள். கண் டிப்போவில் நின்றது. கை இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது, பாதியில் நின்றுவிட்டது. திரும்பவும் டிப்போவுக்குப் போனாள். திரும்பவும் கை பாதியில் நின்றது.

"டிப்போ கேட்டுக்கு வெளிய வந்ததும் இடது பக்கம் ஒடிக்கணும்," என்றாள் மெதுவாக. "இது வலது பக்கம் போகுதேக்கா."

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிப் பையிலிருந்து அந்தச் சின்னத் தாளை எடுத்து முகத்துக்கு மேலே பிடித்தாள். நாங்களும் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். தாளில் லைப்ரரி ஒரு பக்கம், சீலிங்கில் எதிர்ப் பக்கம். பாலம், மார்க்கெட், பள்ளிக்கூடம் எல்லாமே அப்படித்தான்.

"யாரு திருப்பினது?" என்றார் வாத்தியார்.

"நான்," என்றேன். "நான்," என்றார் என் வீட்டுக்காரர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. பதினோரு நாளில் நாங்கள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க ஏன் திருப்புனீங்க?"

"கோவத்துல நீ திருப்பியிருக்க மாட்டன்னு நெனச்சேன்."

"கோவம் உங்க மேல. சீலிங் மேல எனக்கென்ன கோவம்?"

எங்கள் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாத்தியார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "மேடம் ஒரு தடவை, மேஸ்திரி ஒரு தடவை. வரைஞ்ச பக்கத்த மேல வச்சு ஒட்டுற வழக்கமே ஒரு தடவை. ஆக மூணு. ஒத்தப்படையா வந்தா இடவலம் மாறித்தான் நிக்கும்."

"வாத்தியாரே, பாடம் அப்புறம் நடத்தலாம்," என்றாள் டிரைவரம்மா.

என் வீட்டுக்காரர் சமாளிக்கப் பார்த்தார். "திரும்பி வர்ற டிரிப்புன்னு வச்சுக்கலாமேம்மா?"

"திரும்பி வரும்போது ஏரிக்கரையில இருந்துல்ல கிளம்புவேன் மேஸ்திரி? ஸ்கூல் முதல்ல வரும், மார்க்கெட் அப்புறம் வரும். இப்படி ஒரு ரூட் ஊர்லயே கிடையாது." சின்னத் தாளை மடித்து வைத்தாள். பிறகு, "பரவால்ல, பாக்க நல்லாத்தான் இருக்கு. வெறும் படமா பாத்துக்கறேன். ஓட்டினா கால் குழம்பிடும்," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் உடம்பில் அப்போது தானாகத் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் நான் அழ மாட்டேன், சண்டை போடுவேன்.

"சும்மா இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா கௌரவம் கொறஞ்சிடுமா? வாசல்ல நின்னு வாயத் தொறந்தீங்களே, அப்ப கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கத்தான் வந்தேன்."

"வந்து?"

"நீ மொறைச்ச."

"மொறைச்சா? இத்தன வருஷமா மொறைக்காமயா இருந்தேன்?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, எல்லோருக்கும் முன்னால், குரலை உயர்த்தாமல் சொன்னார். "அன்னைக்குச் சும்மா இருக்கான்னு சொன்னது தப்புதான். நீ வரையலைன்னா நான் எதப் போடுறது? வாயில வந்துருச்சு. சொல்லி முடிக்கும்போதே தப்புன்னு தெரிஞ்சுது."

"அதச் சொல்லப் பதினோரு நாளா?"

"எங்க விட்ட? நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் மிக்ஸிய ஓட விட்ட."

சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவரம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, நிறுத்துங்க. தையல் விட்டுடும்," என்று கெஞ்சினாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம் மட்டும் மிச்சமிருந்தது.

வெட்கப்பட்டு என்ன செய்வது, வேலை நடக்க வேண்டுமே. கட்டிலை வெளியே எடுக்க வழியில்லை. அறைக்குள் வைத்தே பாகம் பாகமாகப் பூட்டிய கட்டில், கதவில் நுழையாது. அவளைத் தூக்கவும் கூடாது. வாத்தியார் டாக்டருக்குப் போன் போட்டார். வாசனை இல்லாத தண்ணிப் பெயிண்ட் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்கலாம் என்றார் அவர். பழைய பேப்பரைத் திருப்பி ஒட்டலாம் என்று பார்த்தால், அதையெல்லாம் என் வீட்டுக்காரர் பெயிண்ட் சொட்டாமல் இருக்கத் தரையில் விரித்து மிதித்துத் துவைத்திருந்தார். மறுபடி கட்டம் போட்டு வரைந்து குத்தி எடுக்க ஒரு வாரமாவது ஆகும் என்றேன்.

"ஒரு வாரமா?" என்றாள் டிரைவரம்மா. "எதுக்கு? நான் சொல்றேன், நீங்க நேரா சீலிங்லயே போட்டுட்டு வாங்க."

"கட்டம் இல்லாமயா? நான் அப்படி வரைஞ்சதே இல்லம்மா. கோணலா போயிடும்."

"போகட்டும். ரோடு மட்டும் நேராவா இருக்கு?"

அன்றைக்கும் மறுநாளும் என் வீட்டுக்காரர் இரண்டு பூச்சு வெள்ளை அடித்து எல்லாவற்றையும் மூடினார். அத்தனை அழகான வேலையைத் தன் கையாலேயே மறைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை மனிதர்.

மூன்றாம் நாள் காலை கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஏணி நிறுத்தி, அவள் கால்மாட்டுக்கு மேலே குறுக்காகப் பலகை போட்டார். நான் கரித்துண்டோடு ஏறி உட்கார்ந்தேன். கரி உதிர்ந்து கண்ணில் விழக் கூடாது என்று டிரைவரம்மா வண்டி ஓட்டும்போது போடும் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டாள். கழுத்து வரைக்கும் பழைய போர்வை. வாத்தியார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தத் தொடங்கினார். அதாவது, திருத்துவது போலக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெடியாக்கா?"

"ரெடி."

"டிப்போ கேட். இடது பக்கம் ஒடிங்க. அவ்வளவு இல்ல, கொஞ்சம் அகலமா. பஸ்ஸு நீளம்ல? ஆங். இப்ப நேரா. நேரா. லைப்ரரி வருது, ஓரங்கட்டுங்க."

முதலில், கட்டத்துக்குள் அடைத்து அடைத்து வரைந்த கை, இத்தனை பெரிய வெள்ளையில் எங்கே போவது என்று தெரியாமல் திணறியது. பாலத்துக்குப் போவதற்குள் பிடிபட்டுவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கை இரண்டும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பியது. நான் எங்கேயாவது குறுக்கே போனால் கண் மூடியிருந்தாலும் எப்படியோ கண்டுபிடித்தாள். கரி சீலிங்கில் உரசும் சத்தத்திலிருந்தே தெரிகிறதாம். எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. வளைவுகளில் கோட்டுக்கு ஓர் ஓட்டம் வந்திருந்தது. கட்டம் போட்டு வரைந்ததில் அந்த ஓட்டம் இல்லை.

"அக்கா நல்லா ஓட்டுறாங்க மேஸ்திரி," என்றாள்.

"வீட்லயும் அவதான் ஓட்டுறா," என்றார் கீழே பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர்.

மார்க்கெட்டில் பெரிய பூ. அதைத் தாண்டியதும் நீளமான ஒரு வளைவு, ஜன்னல் பக்கமாக இறங்கும். கை சூடு பிடித்திருந்த வேகத்தில் ஒரே இழுப்பாக இழுத்தேன். என்ன அழகாக வந்தது தெரியுமா! எனக்கே ஆசையாக இருந்தது, நிறுத்த மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போனேன்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள் போலிருக்கிறது.

"ஸ்கூல்! ஸ்கூல்! நிறுத்துங்கக்கா, பிள்ளைங்க!"

நான் பதறிக் கையை எடுத்தேன். எடுத்த வேகத்தில் கரித்துண்டு நழுவிக் கட்டிலில் விழுந்தது. எங்கே விழுந்தது என்று குனிந்து பார்த்தேன். எனக்கு நேர் கீழே அவள் கால்மாடு. போர்வைக்குள் வலது பாதம் முன்பக்கமாக அழுந்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்வைச் சுருக்கம் இன்னும் ஓர் இழை இறுகி, பிறகு தளர்ந்தது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"கால்," என்றேன். பிறகு கத்தினேன். "ஏம்மா, உன் வலது கால் அசைஞ்சுதும்மா!"

"பின்ன? ஸ்கூல் ஸ்டாப்புல பிரேக் போடாம எப்படி?" என்று என்னை அதட்டினாள். "பிள்ளைங்க குறுக்க ஓடும், மூணு நாள் பஸ்ல வந்தீங்களே, பாக்கலையா? இப்படியா வண்டிய…"

பேச்சு அங்கேயே அறுந்தது. கூலிங் கிளாஸைக் கழற்றினாள். வாத்தியார் எழுந்த வேகத்தில் பேப்பரெல்லாம் தரையில் சிதறியது. ஓடி வந்து போர்வையை முழங்கால் வரைக்கும் தூக்கினார். அந்தப் பாதம் சும்மா கிடந்தது. அவள் மூச்சை அடக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் நால்வரும் அந்தப் பெருவிரலையே பார்த்தோம். அது அசையவில்லை. இன்னொரு முறை முயன்றாள். நெற்றியில் வேர்த்தது. அப்போதும் அசையவில்லை.

"நிஜமா பாத்தீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெரிய குரலில் அப்படி ஒரு சின்னக் கேள்வி.

"ரெண்டு பேரும் பாத்தோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"சத்தியமா?"

"சத்தியமாம்மா. நான் இவகிட்ட வேணும்னா பொய் சொல்லுவேன், உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

வாத்தியார் அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. இந்த முறை சண்டைக்கு ஆள் தேடவில்லை, பலகையில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

டிரைவரம்மா மட்டும் அழவில்லை. சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் கண்ணாலேயே போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிறகு கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"என்னங்க, கால விடுங்க. போர்வையப் போடுங்க," என்று வாத்தியாரிடம் சொன்னாள். கைகளைத் தூக்கி ஸ்டியரிங்கில் வைத்தாள். "அக்கா, அந்தத் துண்ட அழிச்சிடுங்க. மார்க்கெட்ல இருந்து மறுபடி வாங்க. அதே வேகத்துல வரணும். ஸ்கூலு வருதுன்னு உங்களுக்கு ஞாபகமே இருக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் புதுக் கரித்துண்டு ஒன்றையும் ஈரத்துணியையும் நீட்டினார். என் வாழ்க்கையிலேயே நான் இழுத்ததில் நல்ல கோடு அந்த வளைவுதான். துணியை வாங்கி, மார்க்கெட் வரைக்கும் அதைத் துடைத்தேன்.